எல்லாச் சொல்லும் தெரிந்தும் விடை தப்புகிறதா? சீன மாணவரின் ஆங்கில வாசிப்புக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் ஆங்கில காம்ப்ரிஹென்ஷனில் மதிப்பெண் இழந்தால், காரணமாக அவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: சொற்கள் போதவில்லை. உடனே சொல் மனப்பாடச் செயலியைத் திறப்பார். அகரவரிசைப் பட்டியலில் முதலில் நிற்கும் 'அபான்டன்' என்ற சொல் சீன மாணவர்களிடையே பெயர்பெற்றது. பலரும் அதிலேயே தொடங்கி, சில நாளில் நிறுத்தி, அடுத்த பருவத்தில் மறுபடி அதிலேயே தொடங்குவார்கள். பாசேஜில் விடை தப்பிய இடத்தைத் தேடிப் பார்த்தால், பல நேரம் அங்கே தெரியாத சொல் ஒன்றும் இருக்காது.

சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவ், பல்கலைக்கழக மாணவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான சி.இ.டி.-4 ஆகிய இரண்டுக்கும் தயாராகும் மாணவரை மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இணையத்திலோ சீன மாணவருக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தமிழ் ஆசிரியர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். அவர்களுக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. அதை 2ஆம் அறிகுறியில் பார்க்கலாம்.

## எதற்கும் முன்: மூன்று பேனா சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்யாமல் கீழே போக வேண்டாம். மாணவர் இதுவரை பார்க்காத பழைய வினாத்தாளிலிருந்து 300 முதல் 350 சொற்கள் கொண்ட ஒரு பாசேஜையும் அதற்குரிய 5 கேள்விகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று கறுப்புப் பேனா, 9 நிமிடம். மணி அடித்ததும் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். இரண்டாம் சுற்று நீலப் பேனா. நேர வரம்பு இல்லை, அகராதியும் இல்லை. மாற்ற விரும்பும் விடைகளை மட்டும் மாற்றலாம். மூன்றாம் சுற்று சிவப்புப் பேனா, அகராதி கையில். இதுவரை சரியா தவறா என்று சொல்லவே கூடாது. மூன்று சுற்றும் முடிந்த பிறகுதான் விடைகளைத் திருத்த வேண்டும்.

நீலத்தில் சரியானவை அதிகம் என்றால் கோளாறு வேகத்தில்: 1ஆம் அறிகுறிக்குப் போங்கள். சிவப்பில்தான் சரியானது என்றால், அகராதியில் எந்தச் சொல்லைத் தேடினார் என்று கேளுங்கள். புதிய சொல் என்றால் 7, தெரிந்த சொல்லின் தெரியாத பொருள் என்றால் 2. சிவப்பிலும் தவறு என்றால் பாசேஜின் சீன மொழிபெயர்ப்பையும் ஆப்ஷன்களின் சீன மொழிபெயர்ப்பையும் கொடுத்து மீண்டும் கேளுங்கள். விளக்கவுரையுடன் விற்கும் பழைய வினாத்தாள் தொகுப்புகளில் இவை இருக்கும். சீனத்தில் படித்ததும் சரியாகிவிட்டால் கோளாறு வாக்கிய அமைப்பில், அதாவது 2 அல்லது 3. சீனத்தில் படித்தும் தவறு என்றால் ஆங்கிலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆப்ஷனை எடைபோடும் முறைதான் பிழை: 4ஆம் அறிகுறி.

ஒரே பாசேஜை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வெவ்வேறு நாளில் மூன்று பாசேஜ் செய்து, எந்த நிறத்தில் விடைகள் திருந்துகின்றன என்று பாருங்கள்.

## 1. நேரம் போதவில்லை, கடைசி பாசேஜ் ஊகத்தில் போகிறது

முதலில் பார்க்க வேண்டியது: எந்த வரிசையில் செய்கிறார்? இதைத் திருத்தச் செலவே இல்லை. சி.இ.டி.-4இல் வாசிப்புக்கு 40 நிமிடம், மொத்த மதிப்பெண்ணில் 35 விழுக்காடு. முதல் பகுதியில் 15 சொற்களிலிருந்து 10 கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும், அதற்கு 5 விழுக்காடு. நீண்ட பாசேஜில் 10 கூற்றுகளைப் பத்திகளோடு பொருத்துவதற்கு 10 விழுக்காடு. இரண்டு பாசேஜும் 10 கேள்வியும் கொண்ட நுண்வாசிப்புக்கு 20 விழுக்காடு. கணக்குப் போட்டால் நுண்வாசிப்பின் ஒரு கேள்வி, நிரப்பும் பகுதியின் நான்கு இடங்களுக்குச் சமம். ஆனால் வினாத்தாளில் நிரப்பும் பகுதி முதலில் வருவதால் மாணவர் அதில் 15 நிமிடம் உட்கார்ந்துவிடுகிறார். நுண்வாசிப்பை முதலில் செய்யச் சொல்லுங்கள்: பாசேஜுக்கு 9 என 18 நிமிடம். அடுத்து நீண்ட பாசேஜ் 13 நிமிடம். கடைசியாக நிரப்பும் பகுதி 7 நிமிடம். மீதி 2 நிமிடம் விடைத்தாளில் கட்டங்களை நிரப்ப. இதற்குப் பிறகு வரும் மொழிபெயர்ப்புக்கு 30 நிமிடம். வாசிப்பில் மிகும் ஒவ்வொரு நிமிடமும் அதிலிருந்துதான் போகும்.

காவ்காவின் புதிய தேசியத் தாளில் கணக்கு வேறு. 4 பாசேஜில் 15 கேள்வி, பிறகு ஏழிலிருந்து ஐந்து வாக்கியம் தேர்ந்து பொருத்தும் பகுதி. எல்லாவற்றுக்கும் தலா 2.5 மதிப்பெண், ஆக மொத்தம் 50. எல்லாம் ஒரே எடை என்பதால் வரிசையை மாற்ற வேண்டியதில்லை. விளம்பரமோ அறிவிப்போ ஆக வரும் முதல் பாசேஜை 5 நிமிடத்தில் முடித்து, கடினமான நான்காவதற்கு நேரத்தைச் சேமித்தால் போதும்.

அடுத்து: ஆங்கிலச் சொல்லுக்கு மேல் சீன எழுத்து எழுதுகிறாரா? பயிற்சித் தாளைப் பார்த்தாலே தெரியும். வரிக்கு வரி பொருள் எழுதும் பழக்கம் உள்ளவர் ஒரு பாசேஜை இரண்டு மொழியில் படிக்கிறார். நேரம் இரட்டிப்பாவது இயல்பே. நிறுத்தும் வழி: பென்சிலை எடுத்துவிடுங்கள். ஒரு பத்தி படித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு, அந்தப் பத்தி என்ன சொன்னது என்று சீனத்தில் ஒரே வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். சீனத்தில் சொல்வதில் தவறில்லை. சொல்லுக்குச் சொல் மாற்றுவதுதான் நேரத்தைத் தின்கிறது.

அடுத்து: படித்த வரிக்கே திரும்பத் திரும்பப் போகிறாரா? ஒரு அட்டையை எடுத்து, படித்து முடித்த வரிகளை மேலிருந்து மறைத்துக்கொண்டே வரட்டும். அட்டையைத் தூக்குவது எத்தனை முறை என்று எண்ணுங்கள். பாசேஜுக்கு மூன்று நான்கு என்றால் சாதாரணம். பத்துக்கு மேல் போனால் அவர் வேகக் குறைவால் திரும்பவில்லை. வாக்கியம் பிடிபடவில்லை என்பதே பொருள், 2ஆம் அறிகுறிக்குப் போங்கள்.

கடைசியாக, உண்மையான வேகக் குறைவு. இதுதான் அதிக நாள் பிடிப்பது. 350 சொற்களை 5 நிமிடத்தில் படித்தால் நிமிடத்துக்கு 70 சொல். அதற்குக் கீழே இருந்தால் 9 நிமிடக் கணக்கு வேலைசெய்யாது. ஏற்கெனவே விடை எழுதி முடித்த பாசேஜை எடுத்து, தொடர்ந்து மூன்று முறை படிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறிக்க வேண்டும். தினம் ஒரு பாசேஜ், 15 நிமிடம், ஆறு வாரம். புதிய பாசேஜில் இதைச் செய்யக் கூடாது. பொருள் தெரிந்த உரையில்தான் கண் வேகம் பழகும்.

## 2. சொற்கள் எல்லாம் தெரியும், வாக்கியம் புரியவில்லை

மற்ற அறிகுறிகளை விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். சீன மாணவருக்கு இங்கேதான் உண்மையான அடைப்பு.

எளிய காரணம்: தெரிந்த சொல், தெரியாத பொருள். சீனத்தில் இதற்கு 'ஷூ ச்சி ஷெங் யி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சொற்பட்டியலில் ஒரு சொல்லுக்கு ஒரு சீனப் பொருள் என்று படித்ததன் விளைவு. 'அட்ரஸ்' என்றால் முகவரி மட்டும்தான். சிக்கலை 'அட்ரஸ்' செய்தார்கள் என்று வந்ததும் வாக்கியம் உடைகிறது. 'ஃபைன்' அபராதமாகவும், 'புக்' முன்பதிவாகவும், 'லாஸ்ட்' நீடிப்பதாகவும், 'கம்பெனி' உடனிருப்பாகவும் வரும் இடங்களும் இப்படித்தான். சோதனை எளிது: மாணவர் "தெரியும்" என்று சொன்ன சொல்லுக்கு அந்த வாக்கியத்தில் என்ன பொருள் என்று கேளுங்கள். பொருந்தாத பொருளைச் சொன்னால் அந்தச் சொல்லை வாக்கியத்தோடு சேர்த்துத் தனிக் குறிப்பேட்டில் எழுதட்டும். பட்டியலில் சேர்த்துப் பயனில்லை.

இன்னொரு எளிய காரணம்: பெயர்ச்சொல்லில் முட்டிக்கொள்வது. சீன எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. வாக்கியத்தின் நடுவில் பெரிய எழுத்தில் தொடங்கும் சொல் ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ என்பது கண்ணில் படாமல், அதையும் தெரியாத சொல் என்று அகராதியில் தேடுவார்கள். நடுவில் வரும் பெரிய எழுத்துச் சொல்லை வட்டமிட்டு, முதல் எழுத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு தாண்டப் பழக்குங்கள்.

முக்கியக் காரணம்: விளக்கம் பெயருக்குப் பின்னால் வருவது. "நான் நேற்று வாங்கிய புத்தகம்" என்பதைச் சீனத்தில் 'வோ ஸுவோதியென் மாய் த ஷூ' என்பார்கள். நான், நேற்று, வாங்கிய, புத்தகம் என்று தமிழின் வரிசை அச்சு மாறாமல் வரும். ஆங்கிலத்தில் புத்தகம் முதலில் வந்துவிட, விளக்கம் வாலாகத் தொங்கும். சீனம் படித்த மூளை விளக்கம் முடிந்த பிறகு பெயர் வரும் என்று காத்திருக்கிறது. பெயர் முதலிலேயே போய்விட்டதால் வாலைத் தனி வாக்கியமாக எடுத்துக்கொள்கிறது. தமிழ் ஆசிரியருக்கு உள்ள வசதி இதுதான்: மாணவர் தடுக்கி விழும் இடத்தில் நம் பெயரெச்சமும் அதே பக்கம் நிற்கிறது. ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கும்போது எதை முன்னுக்கு இழுக்கிறீர்களோ, அதையே மாணவரும் சீனத்தில் முன்னுக்கு இழுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு: "தி மெடிசின் கிவன் டு பேஷன்ட்ஸ் ஹூ லிவ்ட் நியர் தி ரிவர் ஃபெயில்ட்." சீன வினைச்சொல்லுக்குக் காலத்துக்கேற்ப உருவம் மாறாது. அதனால் 'கிவன்', 'லிவ்ட்', 'ஃபெயில்ட்' மூன்றும் மாணவர் கண்ணுக்கு ஒரே தரத்து வினைகளாகத் தெரியும். கேட்டால் "மருந்து நோயாளிகளுக்குக் கொடுத்தது, அவர்கள் ஆற்றருகே வாழ்ந்து தோற்றார்கள்" என்பது போல ஒன்று வரும்.

பிரிக்கும் முறை இது. முதலில் 'ஹூ', 'விச்', 'தட்', 'பிகாஸ்', 'வென்' போன்ற இணைப்புகளை வட்டமிட வேண்டும். இங்கே ஒன்று. அடுத்து, தனித்து நிற்கக்கூடிய வினைகளை அடிக்கோடிட வேண்டும். 'கிவன்' முன்னால் துணைவினை இல்லாமல் நிற்பதால் அது சேராது. 'லிவ்ட்', 'ஃபெயில்ட்' என இரண்டு. வினைகளின் எண்ணிக்கை இணைப்புகளின் எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். இருக்கிறது. இணைப்புக்குப் பின் வரும் முதல் வினை அந்த இணைப்புக்குச் சொந்தம், ஆகவே 'லிவ்ட்' போனது. எஞ்சிய 'ஃபெயில்ட்' தலைவினை. யார் அல்லது எது தோற்றது என்று பின்னோக்கிக் கேட்டால் மருந்து கிடைக்கும். பிறகு நடுவில் உள்ளதை அடைப்புக்குறிக்குள் போட்டு, மருந்துக்கு முன்னால் வைத்துச் சீனத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

வினைக் கணக்கு ஒத்துவரவில்லையா? இணைப்பு மறைந்திருக்கும். 'தி புக் ஐ பாட்' போல இரண்டு பெயர்கள் இடையில் ஒன்றுமில்லாமல் ஒட்டி நிற்கும் இடத்தைத் தேடுங்கள். அங்கே ஒரு 'தட்' விழுங்கப்பட்டிருக்கிறது. 'ஆண்ட்' இருந்தால் அது இணைப்பதை உறுதிசெய்த பிறகே எண்ண வேண்டும். இரண்டு பெயர்ச்சொற்களை இணைத்தால் கணக்கில் சேராது.

அளவு: முந்தைய நாள் பாசேஜிலிருந்து நாளுக்கு மூன்று வாக்கியம், 10 நிமிடம், மூன்று வாரம். சீனப் பயிற்சி நூல்களில் 'சாங் நான் ஜூ' (நீண்ட கடின வாக்கியம்) என்று தனித் தொகுப்புகளே உண்டு. ஆனால் மாணவர் தாமே தடுக்கி விழுந்த வாக்கியங்களில் செய்வதுதான் பலன் தரும்.

ஆசிரியரிடம் போக வேண்டிய கட்டம்: நான்கு வாரம் கழித்துப் புதிய பத்து வாக்கியம் கொடுங்கள். தலைவினையை ஏழில்கூடப் பிடிக்க முடியவில்லை என்றால் தானே படித்துச் சரியாகாது. சீனப் பள்ளிகளில் 'ஃபெய் வெய்யூ' என்று சொல்லிக்கொடுக்கும் எச்ச வடிவங்களை, சீனம் தெரிந்த ஆங்கில ஆசிரியர் ஒருவர் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

## 3. புரிந்தது, ஆனால் நேர் எதிராகப் புரிந்தது

'நாட்' இல்லாத எதிர்மறை. சீனத்தில் எதிர்மறை பெரும்பாலும் 'பு' அல்லது 'மெய்' என்று வெளிப்படையாக நிற்கும். ஆங்கிலத்தில் 'ஹார்ட்லி', 'ஸெல்டம்', 'ஃபெயில் டு', 'ஃபார் ஃப்ரம்', 'எனிதிங் பட்', 'டூ ... டு' எல்லாம் மறுப்புதான், 'நாட்' மட்டும் இருக்காது. 'ஃபியூ' என்றால் ஏறக்குறைய இல்லை, 'எ ஃபியூ' என்றால் சில உண்டு. சீனத்தில் இந்த 'எ' போன்ற ஆர்ட்டிகிள் இல்லாததால் கண் அதைத் தாண்டிவிடும். சோதனை: பாசேஜில் மறுப்பு உள்ள இடத்தையெல்லாம் சிவப்பில் வட்டமிடச் சொல்லுங்கள். 'நாட்', 'நோ' இரண்டை மட்டும் வட்டமிட்டால் காரணம் இதுவே.

பாதி மறுப்பு. 'ஆல் ... நாட்', 'எவ்ரி ... நாட்', 'போத் ... நாட்' ஆகியவற்றைத் தேர்வில் "எல்லாமே அல்ல" என்றுதான் எடுக்க வேண்டும். "மின்னுவதெல்லாம் பொன்னல்ல" என்பதைக் கேட்டதும் தமிழர் யாரும் பொன் மின்னாது என்று புரிந்துகொள்வதில்லை. ஆனால் சீனத்தில் 'பு தோ' என்றால் எல்லாமும் அல்ல, 'தோ பு' என்றால் ஒன்றுகூட இல்லை. சொல் வரிசையே பொருளை முடிவு செய்கிறது. ஆங்கிலத்தில் 'ஆல்' முதலில் வருவதைப் பார்த்ததும் 'தோ பு' என்று படித்துவிடுகிறார்கள்.

'ஆல்தோ' வாக்கியத்தில் எது முக்கியம்? சீனத்தில் 'சுய்ரான் ... தான்ஷி', அதாவது "இருந்தாலும் ... ஆனால்" என்று இரண்டு முனையிலும் சொல் வரும். எழுத்தாளரின் கருத்து பெரும்பாலும் 'தான்ஷி'க்குப் பின்னால். ஆங்கிலத்தில் 'ஆல்தோ' வந்தால் 'பட்' வராது. 'ஆல்தோ' பகுதி வாக்கியத்தின் கடைசியிலும் வரலாம். கடைசியில் வருவதே கருத்து என்று நம்பும் மாணவர், விட்டுக்கொடுத்த பகுதியைக் கருத்தாக எடுத்து, எழுத்தாளரின் மனநிலை பற்றிய கேள்வியைத் தப்பவிடுகிறார். விதி ஒன்றே: 'ஆல்தோ', 'வைல்', 'டெஸ்பைட்' ஒட்டிய பகுதியை இலேசாகப் பென்சிலால் அடித்துவிட்டு மீதியைப் படிக்க வேண்டும்.

நாள் பிடிக்கும் காரணம்: நடக்காததை நடந்ததாகப் படிப்பது. 'ஷுட் ஹேவ் கான்' என்றால் போகவில்லை. 'பட் ஃபார் ஹிஸ் ஹெல்ப்' என்றால் உதவி கிடைத்தது. சீனத்தில் இதற்கு வினை உருவம் மாறுவதில்லை, சூழலே சொல்லிவிடும். 'வுட் ஹேவ்', 'குட் ஹேவ்', 'ஷுட் ஹேவ்' கண்ட இடத்தில் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு "உண்மையில் நடந்தது என்ன?" என்று எழுத வைத்தால் ஒரு மாதத்தில் பழகும்.

## 4. இரண்டு ஆப்ஷன் வரை வருகிறார், கடைசியில் தவறானதைத் தேர்கிறார்

சான்று வரி இருக்கிறதா? தேர்ந்த ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில், அதைச் சொல்லும் வரியின் எண்ணை எழுதச் சொல்லுங்கள். எண் எழுத முடியாத விடை பொது அறிவிலிருந்து வந்தது. நன்றாகப் படிக்கும் மாணவர்களே இங்கு அதிகம் சறுக்குகிறார்கள். அறிவியல் பாசேஜ் என்றால் தமக்குத் தெரிந்ததை உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள்.

எந்த வகைப் பொறியில் விழுகிறார்? சீன ஆசிரியர்கள் தவறான ஆப்ஷன்களுக்கு நாலெழுத்துப் பெயர்களே வைத்திருக்கிறார்கள். ஜாங்கின் தொப்பியை லீயின் தலையில் வைப்பது: செய்தி சரி, ஆள் மாறியிருக்கும். இல்லாததிலிருந்து உண்டாக்குவது: பாசேஜில் அப்படி ஒன்றே கிடையாது. கருத்தைக் கள்ளத்தனமாக மாற்றுவது: 'சிலர்' என்பது 'பெரும்பாலோர்' ஆகியிருக்கும், 'மே' என்பது 'வில்' ஆகியிருக்கும். பகுதியை முழுமையாக்குவது: ஒரு பத்தியின் விவரம் மையக்கருத்துக் கேள்விக்கு விடையாக நிற்கும். தவறிய இருபது கேள்விகளை எடுத்து ஒவ்வொன்றின் அருகிலும் இதில் எது என்று எழுதுங்கள். ஒரே வகை எட்டுப் பத்து முறை வந்தால், அடுத்த பத்து பாசேஜில் அதை மட்டும் தேடட்டும்.

பயிற்சி வகுப்பு விதிகளை நம்புகிறாரா? "அறவே, எப்போதும் என்ற சொல் உள்ள ஆப்ஷன் தவறு", "பாசேஜின் சொற்களை அப்படியே எடுத்த ஆப்ஷன் தவறு" என்ற சூத்திரங்கள் ஊகிக்கும்போது உதவலாம். சான்று வரி கையில் இருக்கும்போது அவற்றுக்கு இடமே இல்லை. சூத்திரத்தால் சரியான விடையை மாற்றினாரா என்பது கறுப்பு, நீல மைகளை ஒப்பிட்டாலே தெரியும்.

## 5. சொல்லை வேறு சொல்லாகப் படிக்கிறார்

'கான்டாக்ட்' என்பது 'கான்ட்ராக்ட்' ஆகிறது, 'குவயட்' 'குவைட்' ஆகிறது. 'தோ', 'த்ரூ', 'தாட்', 'தாரோ' நான்கும் கலங்குகின்றன. மாணவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உச்சரிப்பு சரி, பொருள் மட்டும் மாறுகிறது என்றால் அவசரம். விரலை வைத்துப் படித்தால் தீரும். உச்சரிப்பே வரவில்லை, சொல்லின் முதல் எழுத்தையும் நீளத்தையும் பார்த்து ஊகிக்கிறார் என்றால், அவர் சொல்லை ஒரு சீன எழுத்தைப் போல முழு உருவமாக மனத்தில் வைத்திருக்கிறார். படம் பார்த்துச் சொல் பழகும் செயலி மட்டுமே பயன்படுத்தியவர்களிடம் இது அதிகம் தெரியும்.

தீர்வு ஒலி வழியாகத்தான். கலங்கும் சொற்களை இணையாக எழுதி, அசை பிரித்து, மேசையில் தட்டிப் படிக்க வேண்டும். நாளுக்கு ஆறு சொல் போதும். சீன நிலப்பகுதியில் பின்யின் (சீன ஒலியை உரோம எழுத்தில் எழுதும் முறை) வழியாக உரோம எழுத்து பழகியவருக்கு இன்னொரு குழப்பமும் சேரும். பின்யினில் 'சி' என்ற எழுத்து 'த்ஸ' போலவும், 'கியூ' என்ற எழுத்து 'ச்ச' போலவும், 'எக்ஸ்' எழுத்து 'ஷ' போலவும் ஒலிக்கும். ஆங்கிலச் சொல்லில் அந்த எழுத்துகள் வரும்போது ஒலி தவறுகிறதா என்று தனியாகப் பாருங்கள்.

## 6. எண் வரும் கேள்வி மட்டும் தப்புகிறது

சீனத்தில் பத்தாயிரம் ஒரு 'வான்', பத்துக் கோடி ஒரு 'யி'. ஒரு மில்லியன் என்பது 100 வான், நம் கணக்கில் 10 லட்சம். ஒரு பில்லியன் என்பது 10 யி, நம் கணக்கில் 100 கோடி. லட்சம், கோடியிலிருந்து மில்லியனுக்கு மாறப் பழகியவருக்கு இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. சீனத்துக்கு மாற்றாமல், பூஜ்யங்களை எழுதி மூன்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னால் போதும்.

விளம்பரப் பாசேஜில் தள்ளுபடியையும் கவனியுங்கள். சீனாவில் '8 ஜ' தள்ளுபடி என்றால் விலையில் 80 விழுக்காடு கட்ட வேண்டும். ஆங்கிலத்தில் '20 பர்சென்ட் ஆஃப்' என்று குறையும் அளவைச் சொல்வார்கள். 'இன்க்ரீஸ் பை' (இவ்வளவு கூடியது), 'இன்க்ரீஸ் டு' (இவ்வளவு ஆனது) இரண்டையும் கலக்குகிறாரா என்றும் ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள்.

## 7. நிரப்பும் பகுதிகளிலும் புதிய சொற்களிலும் மொத்தமாகச் சரிவு

ஏழிலிருந்து ஐந்து தேரும் பகுதியில் சரிந்தால் முதலில் சுட்டுப்பெயர்களைப் பாருங்கள். அவன், அவள், அது மூன்றுக்கும் சீனத்தில் ஒலி 'தா' ஒன்றே. அதோடு, தெரிந்த எழுவாயைச் சீனம் விட்டுவிடும், அல்லது பெயரையே திரும்பச் சொல்லும். 'இட்', 'திஸ்', 'தோஸ்', 'ஒன்' ஒவ்வொன்றிலிருந்தும் அது குறிப்பதற்கு அம்புக்குறி போடச் சொல்லுங்கள். அம்பு போய்ச் சேர இடமில்லாத வாக்கியம் அந்தக் கோட்டுக்கு உரியதல்ல. 'திஸ்' முந்தைய வாக்கியம் முழுவதையும் குறிக்கலாம் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். சி.இ.டி.-4 சொல் நிரப்பலில், படிக்கும் முன்பே 15 சொற்களையும் பெயர், வினை, பெயரடை, வினையடை என்று நான்காகப் பிரித்துவிட வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் போட்டியிடும் சொற்கள் நாலைந்தாகச் சுருங்கும்.

இதெல்லாம் செய்தும் சரிந்தால், இப்போதுதான் சொல்வளம் உண்மையான காரணம். பாசேஜில் 100 சொற்களை எண்ணி, தெரியாதவற்றைக் குறியுங்கள். இரண்டுக்குள் இருந்தால் தானாகப் படிக்கலாம். மூன்று முதல் ஐந்து என்றால் அகராதியோடு படிக்கலாம். அதற்கு மேல் என்றால் அந்தப் பாசேஜ் அவருக்கு இப்போது வேண்டாம். தேர்வுத் தாளிலேயே தினமும் மல்லுக்கட்டுவதை நிறுத்தி, நூற்றுக்கு இரண்டுக்குள் தெரியாத சொல் வரும் தரப்படுத்திய எளிய நூல்களுக்கு இறங்க வேண்டும். நாளுக்கு 20 நிமிடம், குறைந்தது மூன்று மாதம். செயலியில் படிக்கும் சொல்லையும் அகரவரிசை நீக்கி, தாம் படித்த உரையிலிருந்து எடுக்க வேண்டும். தேர்வுக்கு ஆறு வாரமே இருக்கும்போது இதைத் தொடங்கினால் பலன் தேர்வுக்குப் பிறகுதான் தெரியும். அப்போது 1 முதல் 4 வரை உள்ளவற்றை மட்டும் சரிசெய்யுங்கள்.

## 8. சீனத்தில் படித்தாலும் மெதுவாகவும் தடுமாறியும் படிக்கிறார்

பாடநூலிலிருந்து ஒரு பக்கச் சீன உரையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வரி தாண்டுகிறது, கண் சுருங்குகிறது, 20 நிமிடத்தில் தலைவலிக்கிறது என்றால் முதலில் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சீனப் பள்ளி மாணவரிடையே கிட்டப்பார்வை மிகப் பரவலானது. கண்ணாடியின் பவர் பழையதாகிவிட்டிருப்பதும் உண்டு.

கண் சரி, ஆனாலும் இரண்டு மொழியிலும் வாசிப்பு வயதுக்குப் பின்தங்கியிருக்கிறது என்றால் கற்றல் குறைபாட்டை மதிப்பிடும் உளவியலாளரை அணுக வேண்டும். சீனத்தில் சரளமாகப் படிப்பவருக்கும் ஆங்கிலத்தில் மட்டும் எழுத்தை ஒலியோடு இணைக்கும் சிக்கல் இருக்கலாம். 5ஆம் அறிகுறிப் பயிற்சியை இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் மூன்றெழுத்து, நான்கெழுத்துப் புதுச்சொல்லை வாசிக்க முடியாதவருக்கும் இதே மதிப்பீடு தேவை. இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டு மேலும் வினாத்தாள்களைத் திணிப்பது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

தனிப் பயிற்சி ஆசிரியரை நாடும் பெற்றோருக்கு ஒரு தகவல். 2021 ஜூலையில் வந்த 'ஷுவாங் ஜியென்' (இரட்டைக் குறைப்பு) கொள்கைக்குப் பின், சீனாவில் கட்டாயக் கல்வி வகுப்புகளான 1 முதல் 9 வரை, பயிற்சி நிறுவனங்கள் வார இறுதியிலும் விடுமுறையிலும் பாட வகுப்பு நடத்தக் கூடாது. நாட்டுக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டு ஆசிரியரை வைத்து வகுப்பு நடத்தவும் தடை. இணையத்தில் சீன மாணவருக்குச் சொல்லித்தர அழைப்பு வந்தால், மாணவரின் வகுப்பையும் அழைப்பவர் யார் என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியரிடமோ உளவியலாளரிடமோ போகும்போது மூன்று நிற மையில் எழுதிய தாள்கள் ஐந்தாறு, தவறிய இருபது கேள்விகளின் வகைப்பட்டியல், சீன உரையைப் படிக்க எடுத்த நேரம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். முதல் சந்திப்பிலேயே வேலை தொடங்கிவிடும்.